ஆலையைப் பட்டியலில் சேர்த்தீர்கள், காற்றை விட்டுவிட்டீர்கள்

பெறுநர்: இங்கிலாந்தின் திட்டமிடல் கொள்கையை எழுதும் வீட்டுவசதித் துறையினர், எங்கள் மாவட்டத் திட்டமிடல் குழு உறுப்பினர்கள்

ஐயா, அம்மையீர்,

காற்றில் சுற்றி மாவு அரைக்கும் எங்கள் ஊர்க் காற்றாலைக்குத் தென்மேற்கே இருக்கும் வயலில் வீடுகள் கட்டிக்கொள்ளலாம் என்று மாவட்டக் குழு முதற்கட்ட அனுமதி கொடுத்துவிட்டது. வீடுகள் எவ்வளவு உயரம், எந்த வரிசை, எந்த மரம் எங்கே என்பதெல்லாம் அடுத்த கட்டத்தில் முடிவாகும். அந்தக் கட்டம் இன்னும் வரவில்லை. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். கூரை எழும்பிய பிறகு எழுதி என்ன பயன்?

நான் அந்த ஆலையில் வார இறுதிகளில் சம்பளமில்லாமல் வேலை செய்கிறவன். மாவு அரைப்பேன், பல் சக்கரங்களுக்குக் கிரீஸ் தடவுவேன், வருகிற பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுற்றிக் காட்டுவேன். கிழக்கு இங்கிலாந்தின் சமவெளியில் இருக்கிறது எங்கள் ஊர். பெயரை இங்கே எழுதவில்லை. எங்கள் மாவட்டத்தாருக்கு எந்த ஊர் என்று தெரியும். மற்றவர்களுக்குப் பெயர் முக்கியமில்லை, ஏனென்றால் இன்றுள்ள விதிகளின்படி இதே அனுமதியை நாளைக்கு எந்த ஊரிலும் கொடுக்கலாம்.

குழுவின் முன் வைக்கப்பட்ட அதிகாரியின் அறிக்கையை முழுக்கப் படித்தேன். கவனமாக எழுதப்பட்ட அறிக்கை, குறை சொல்ல மனமில்லை. வௌவால்களுக்கு ஒரு பகுதி இருக்கிறது. மழைநீர் வடிகாலுக்கு ஒரு பகுதி, காலை நேரப் போக்குவரத்துக்கு ஒரு பகுதி. ஆலையைப் பற்றியும் இருக்கிறது: சாலையிலிருந்து பார்த்தால் ஆலை மறையாது, ஆகவே மரபுச் சின்னத்துக்கு ஏற்படும் பாதிப்பு ‘கணிசமானதைவிடக் குறைவு’. அவ்வளவுதான். ஆலை கண்ணுக்குத் தெரியுமா என்று பார்த்திருக்கிறார்கள். ஆலைக்குக் காற்று கிடைக்குமா என்று யாரும் கேட்கவில்லை.

குழுக் கூட்டத்தில் பேச எனக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்துதான் வருகிறது, நீங்கள் அனுமதி கொடுக்கும் வயல் சரியாக அந்தத் திசையில்தான் இருக்கிறது என்றேன். காற்று மறைவது திட்டமிடல் முடிவில் எடை போடத்தக்க விஷயம் அல்ல என்று பதில் வந்தது. சொன்னவர் மரியாதையாகத்தான் சொன்னார். விதியில் இல்லாததை அவர் எப்படிப் பார்ப்பார் என்று வெளியே வரும்போது எனக்கே தோன்றியது. அதனால்தான் இந்த மடலில் மாவட்டத்துக்கு முன்னால் உங்கள் துறையின் பெயரை வைத்திருக்கிறேன்.

காற்று மறைந்தால் என்ன ஆகும் என்பதை உள்ளே நின்று பார்த்தவன் சொல்கிறேன். வடமேற்கே, பக்கத்து நிலத்தில், சில ஆண்டுகளுக்கு முன் வேலிக்காக நட்ட லேலண்டி மரங்கள் இப்போது ஒரு மாடி வீட்டைத் தாண்டி வளர்ந்து நிற்கின்றன. காற்று அந்தத் திசைக்குத் திரும்பும் நாட்களில் ஆலை வேறு மாதிரி நடந்துகொள்ளும். தலைப்பகுதியைக் காற்றை நோக்கித் திருப்பும் பின்விசிறி ஒரு நிமிடம் இப்படிச் சுற்றும், அடுத்த நிமிடம் அப்படிச் சுற்றும், எந்தப் பக்கம் நிற்பது என்று அதற்கே தெரியாது. இறக்கைகளில் இருக்கும் சிறு பலகைகள் திறந்து மூடிப் படபடவென்று அடிக்கும். கீழே கல்லுக்கு அருகில் மாவு விழும் வாயில் கை வைத்துப் பார்த்தால், ஒரு வீச்சில் மாவு சூடாக வரும், அடுத்த கணம் காற்று இறங்கியதும் குருணையாக வரும். தானியம் கல்லுக்குள் இறங்கும் ‘டக் டக்’ சத்தம் சீராக இல்லாமல் தடுமாறும். அந்தச் சத்தம் தடுமாறினால் எங்கள் மூத்த ஆலைக்காரர் வேறெதுவும் பார்க்க மாட்டார், நேரே போய் பிரேக் கயிற்றைப் பிடிப்பார். சரி, இன்றைக்கு அரவை முடிந்தது என்று அர்த்தம்.

இது வசதிக் குறைவு மட்டும் அல்ல. ஒரு தடையைத் தாண்டி வரும் காற்று, அந்தத் தடையின் உயரத்தைப்போல ஏறத்தாழ இருபது மடங்கு தூரம்வரை கலங்கியே வரும் என்பது காற்றுப் பொறியாளர்களின் பொதுக் கணக்கு. பத்து மீட்டர் கூரை என்றால் இருநூறு மீட்டர். அப்படிக் கலங்கிய காற்றில் ஓர் இறக்கைக்கு உதை விழும்போது இன்னோர் இறக்கை சும்மா போகும். அந்த ஏற்றத்தாழ்வு முழுவதும் மேலே இருக்கும் தண்டிலும் பிரேக் சக்கரத்தின் மரப் பற்களிலும் போய் விழும். காற்று சட்டென்று திரும்பிப் பின்னாலிருந்து அடித்தால் அதைவிட மோசம். ஆலைகளின் கட்டமைப்பே முன்னாலிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கத்தான். பின்னடிக் காற்றில் தலைப்பகுதியே கழன்று விழுந்த ஆலைகள் உண்டு.

அப்படியானால் ஓட்டாமல் நிறுத்தி வையுங்கள், அழகாக நிற்கட்டுமே என்று ஒரு கவுன்சிலர் வெளியே தேநீர் குடிக்கும்போது சொன்னார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் ஓடாத ஆலை நிற்காது. நின்றுவிட்ட இறக்கைகளில் கீழே இருப்பது எப்போதும் ஒரே இறக்கைதான். மழைத் தண்ணீர் எல்லாம் வழிந்து அதே மர இணைப்பில் தங்கும். மழை அடிக்கிற பக்கம் எப்போதும் ஒரே பக்கம். சுற்றிக்கொண்டிருந்தால் எல்லாம் மாறி மாறி நனைந்து மாறி மாறிக் காயும். ஓட்டுகிறவன் வாரா வாரம் உள்ளே ஏறுகிறான், எங்கே ஒழுகுகிறது, எங்கே வண்டு துளைக்கிறது என்று அன்றைக்கே பார்த்துவிடுகிறான். யாரும் ஏறாத ஆலையில் அது தெரிய வரும்போது தண்டே உளுத்திருக்கும்.

சர்ரே மாவட்டத்தில் அவுட்வுட் என்ற சின்ன ஊர் இருக்கிறது, போய்ப் பாருங்கள். ரெட்ஹில்லிலிருந்து பக்கம். அங்கே பொதுநிலத்தின் ஓரத்தில் 1665இல் தாமஸ் பட்ஜன் என்பவர் கட்டிய ஆலை நிற்கிறது. ஆலையின் உடல் முழுவதும் ஒரே ஒரு நடுத்தூணில் உட்கார்ந்திருக்கும் பழைய வகை. காற்று திரும்பினால் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டையைத் தள்ளி ஆலையையே திருப்ப வேண்டும். மறு ஆண்டு லண்டன் மாநகரம் தீப்பற்றி எரிந்தபோது, ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அந்த ஆலையின் உச்சியில் ஏறி ஊர்க்காரர்கள் வானத்தின் சிவப்பைப் பார்த்தார்கள் என்று அங்கே இன்றும் சொல்கிறார்கள். உண்மையோ கதையோ, அந்த இடம் அன்று எவ்வளவு திறந்த வெளியாக இருந்தது என்பதற்கு அந்தக் கதையே போதும். நகரத் தீ தெரியும் இடத்துக்குக் காற்று வந்து சேர என்ன தடை?

அந்த ஆலைக்குப் பக்கத்திலேயே, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், போட்டிக்கு இன்னோர் ஆலை எழும்பியது. பலகை போர்த்திய எட்டுப் பட்டைக் கட்டடம், மிக உயரம், பழையதைக் கீழே பார்த்து நிற்கும். நூறு ஆண்டுகளுக்கு மேல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் சுற்றின. ஒரே ஊரில், ஒரே புல்வெளியில், இரண்டு ஆலைக்கும் போதிய காற்று இருந்தது. பொதுநிலம் என்பதால் ஆடு மாடு மேய்ந்து மரத்தைத் தலையெடுக்க விடவில்லை, வீடு கட்ட யாருக்கும் உரிமை இல்லை. காற்றைக் காப்பாற்றச் சட்டம் தேவைப்படவில்லை, ஊரின் வாழ்க்கை முறையே காப்பாற்றியது. அப்புறம் நீராவி ஆலைகள் வந்தன, உருளை ஆலைகள் வந்தன, காற்றாலை மாவுக்கு ஆள் இல்லாமல் போயிற்று. உயரமான புது ஆலை வேலை நின்று, கவனிப்பு இல்லாமல், 1960 நவம்பரில் சரிந்து விழுந்தது. 1665இல் கட்டிய கிழவர் இன்னும் நிற்கிறார். அரசு காக்கும் மரபுக் கட்டடங்களின் பட்டியலில் முதல் தரத்தில் இருக்கிறார். நல்லது. ஆனால் அந்தப் பட்டியல் எதைக் காக்கிறது? மரத்தை, ஆணியை, கல்லை. அந்த மரத்தையும் கல்லையும் எதற்காகச் சேர்த்தார்களோ அதை அது காக்கவில்லை. ஆற்றை அடைத்துவிட்டுப் படித்துறைக்கு வெள்ளையடிக்கிற வேலை இது.

காற்று யாருடையது என்ற சண்டை உங்கள் நாட்டில் புதிதும் அல்ல. 1185ஆம் ஆண்டிலேயே யார்க்‌ஷரின் வீட்லியில் ஒரு காற்றாலைக்கு வாடகை வசூலித்த பதிவு இருக்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, பரி செயின்ட் எட்மண்ட்ஸில், ஹெர்பர்ட் என்ற பாதிரியார் தமக்கென்று ஒரு காற்றாலை கட்டினார். மடத்தின் தலைவர் சாம்சனுக்குக் கோபம் தாங்கவில்லை, மடத்து ஆலைகளின் வருமானம் போய்விடுமே. காற்றின் பயனை எந்த மனிதனுக்கும் மறுக்கக் கூடாது என்று ஹெர்பர்ட் வாதாடிப் பார்த்தார். அந்தக் கட்டடம் இடிபடும்வரை சாப்பிட மாட்டேன் என்று சாம்சன் சூளுரைத்தார். அதிகாரிகள் வருவதற்குள் ஹெர்பர்ட் தாமே ஆள் வைத்து இடித்துவிட்டார். அந்த மடத்துத் துறவி ஒருவர் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்.

மடத்தின் காலம் போயிற்று. நீதிமன்றத்தின் காலத்திலாவது ஆலைக்காரனுக்கு விடிந்ததா என்றால், இல்லை. 1861இல் வெப் என்பவர் பேர்ட் என்பவர்மேல் தொடுத்த வழக்கு உங்கள் சட்ட வல்லுநர்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். முப்பது ஆண்டுகளாகச் சுற்றிய ஆலைக்கு மிக அருகில் ஒரு பள்ளிக் கட்டடம் எழும்பியது, காற்று மறைந்தது. எவ்வளவு காலம் அனுபவித்திருந்தாலும், அடுத்தவர் நிலத்தின் மேல் தாறுமாறாக வரும் காற்றுக்கு அனுபவ உரிமை கிடையாது என்று தீர்ப்பானது. மறு ஆண்டு மேல்முறையீட்டிலும் அதுவே. தன் நிலத்தைக் கடந்து போகும் காற்றைத் தடுக்க ஒருவரால் இயலாது, தடுக்க இயலாததை அவர் ஒப்புக்கொண்டார் என்று எப்படிச் சொல்வது என்பது நீதிபதிகளின் தர்க்கம். தர்க்கமாக அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அதே நாட்டில், 1832ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, என் வீட்டு ஜன்னல் வழியே இருபது ஆண்டுகள் வெளிச்சம் வந்தால் அந்த வெளிச்சம் எனக்கு உரிமையாகிவிடுகிறது. குளியலறை ஜன்னலுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு முதல் தர மரபுச் சின்னத்துக்கு இல்லை.

நீதிமன்றம் கொடுக்காததைக் கொள்கை கொடுக்கலாம், ஏற்கெனவே கொடுத்தும் இருக்கிறது. 2018இல் நீங்கள் தேசியத் திட்டமிடல் கொள்கையைத் திருத்தினீர்கள். பழைய இசைக்கூடத்துக்கோ பப்புக்கோ பக்கத்தில் புது வீடு கட்டுகிறவர், அந்தச் சத்தத்தைச் சமாளிக்கும் பொறுப்பைத் தாமே ஏற்க வேண்டும், பிறகு வந்து குடியேறிவிட்டு இசைக்கூடத்தை மூடச் சொல்லக் கூடாது என்று எழுதினீர்கள். நல்ல விதி. முன்னாலிருந்தவருக்குப் பின்னால் வந்தவர் இடம் விட வேண்டும் என்பதுதானே அதன் சாரம்? அதைக் காற்றாலைக்கும் நீட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன். 1990ஆம் ஆண்டுச் சட்டமும் பட்டியலிட்ட கட்டடத்தை மட்டும் காக்கச் சொல்லவில்லை, அதன் சூழலையும் காப்பதில் தனிக் கவனம் வைக்கச் சொல்கிறது. சூழல் என்றால் கண்ணால் பார்ப்பது மட்டும் அல்ல, இரைச்சலும் தூசியும் அதிர்வும்கூடக் கணக்கில் வரும் என்று மரபுத் துறையின் வழிகாட்டியே சொல்கிறது. தூசிக்கு இடம் இருக்கிற வழிகாட்டியில் காற்றுக்கு இடம் இருக்காதா?

கடலுக்கு அந்தப் பக்கம் நெதர்லாந்துக்காரர்கள் இதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். அங்கே ஆலையைச் சுற்றியிருக்கும் வெளியை ஆலையின் பகுதியாகவே பார்க்கிறார்கள். முதல் 100 மீட்டருக்குள், சுற்றிவரும் இறக்கையின் தாழ்முனையைவிட உயரமாகக் கட்டடமோ மரமோ எழும்பக் கூடாது. அதற்கு அப்பால் தூரம் கூடக் கூட உயரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடலாம், அதற்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். திறந்த வெளிக்கு ஒரு கணக்கு, ஊர்ப்பகுதிக்கு இன்னொரு கணக்கு. எவ்வளவு உயரம் கட்டலாம் என்று கட்டுநரும் முன்கூட்டியே தெரிந்துகொள்கிறார், ஆலைக்காரரும் தெரிந்துகொள்கிறார். காற்றாலை, நீராலை ஓட்டும் அவர்களுடைய தொழில் 2017இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏறியது. கட்டடம் அல்ல, ஓட்டும் தொழில். அந்தப் பட்டியலுக்கு அடிப்படையான யுனெஸ்கோ ஒப்பந்தத்தில் பிரிட்டனும் 2024இல் சேர்ந்துவிட்டது. கையெழுத்துப் போட்டாயிற்று. ஓட்டுவதற்குக் காற்று வேண்டும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

வீடு வேண்டாம் என்று சொல்கிற கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். வாடகைக்கு வீடு தேடி இந்த நாட்டில் அலைந்தவன் நான். எங்கள் ஊரில் பிறந்த பிள்ளைகள் இங்கே வீடு வாங்க முடியாமல் நகரத்துக்குப் போவதையும் பார்க்கிறேன். அந்த வயலிலேயே வீடு வரட்டும். ஆலைப் பக்கத்து வரிசை ஒற்றை மாடியாக இருக்கட்டும், உயரமானவை தொலைவில் போகட்டும், குழந்தைகள் விளையாடும் திடலைத் தென்மேற்குக் கோட்டில் வையுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஒரு வீட்டைக்கூடக் குறைக்காமல் இதைச் செய்ய முடியுமா என்று வரைபடம் போடுகிறவர்களிடம் கேட்டால் போதும். இதுவரை யாரும் கேட்கவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை, மரம். வீட்டை மறைக்க மரம் நடு என்று அனுமதியிலேயே நிபந்தனை போடுவீர்கள். பசுமைக்கு நல்லது, சந்தேகமில்லை. ஆனால் ஆலைக்கு எதிரே நட்ட ஓக் மரம் ஐம்பது ஆண்டுகளில் வீட்டைவிடப் பெரிய சுவராக நிற்கும், அப்போது அதை வெட்டவும் விடமாட்டீர்கள், அதற்கும் ஒரு பாதுகாப்பு ஆணை இருக்கும். லண்டனில் இருக்கும் தமிழர்கள் விம்பிள்டன் பொதுநிலத்துக்கு நடக்கப் போவதுண்டு. அங்கே 1817இல் கட்டிய ஆலையைச் சுற்றிப் பாருங்கள், எங்கும் மரம். நிழல் அருமை. அதில் மாவு அரைக்க முடியாது.

இந்த மடலை ஆங்கிலத்தில் தனியே அனுப்பியிருக்கிறேன். தமிழிலும் எழுதி எல்லார் பார்வைக்கும் வைக்கக் காரணம், நம்மவர்களில் பலர் இங்கே ஊர்களில் குடியேறிவிட்டோம், ஆனால் விளக்குக் கம்பத்தில் கட்டியிருக்கும் பிளானிங் அறிவிப்பை நின்று படிப்பதில்லை. கருத்துச் சொல்ல 21 நாள் அவகாசம் உண்டு. யார் வேண்டுமானாலும் சொல்லலாம், பூர்வீகம் கேட்கமாட்டார்கள்.

இனி நான் கேட்பவை. வீட்டுவசதித் துறையினரிடம்: சுற்றக்கூடிய நிலையிலோ, பழுது பார்த்தால் சுற்றக்கூடிய நிலையிலோ இருக்கும் ஒவ்வொரு காற்றாலைக்கும் காற்று வந்து சேருவது, திட்டமிடல் முடிவில் எடை போட வேண்டிய விஷயம் என்று தேசியக் கொள்கையில் தெளிவாக எழுதுங்கள். ஒரு வாக்கியம் போதும். அதோடு நெதர்லாந்துச் சூத்திரத்தை அப்படியேயோ, இங்குள்ள நிலத்துக்கு ஏற்ற மாற்றத்தோடோ வழிகாட்டியில் சேருங்கள், அப்போதுதான் கட்டுநரும் குழுவும் ஆளுக்கொரு கணக்குப் போடாமல் இருப்பார்கள். ஆலைக்கு அருகில் வரும் எந்த விண்ணப்பத்தையும் ஆலை உரிமையாளரிடமும் ஆலைகளைக் காக்கும் அமைப்புகளிடமும் காட்டிக் கருத்துக் கேட்பதைக் கட்டாயமாக்குங்கள்.

எங்கள் மாவட்டக் குழுவிடம் கேட்பது இன்னும் சுருக்கம். இரண்டாம் கட்ட விண்ணப்பம் உங்கள் மேசைக்கு வரும்போது, தென்மேற்கிலும் மேற்கிலும் வரும் காற்றின் நிலை பற்றி ஒரு பொறியாளரின் அறிக்கை இல்லாமல் அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆலைக்கு முதல் 100 மீட்டருக்குள் இறக்கையின் தாழ்முனையைத் தாண்டும் கூரையை அனுமதிக்காதீர்கள். மர நிபந்தனையில் எந்த இனம், முழு வளர்ச்சியில் எவ்வளவு உயரம் என்பதை எழுதுங்கள். ஆலைத் திசையில் புதர்வேலி மட்டும் போதும், அதைக் கத்தரித்து வைக்கும் பொறுப்பு யாருடையது என்பதையும் எழுதுங்கள். முடிவெடுப்பதற்கு முன் குழுவினர் அனைவரும் தென்மேற்குக் காற்று அடிக்கும் ஒரு சனிக்கிழமை ஆலைக்கு வாருங்கள். ஏணி செங்குத்து, கொஞ்சம் மாவு ஒட்டும், பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு வாருங்கள். தேதியைச் சொன்னால் திறந்து வைக்கிறோம்.

இப்படிக்கு,
ஊர்க் காற்றாலைத் தன்னார்வலர் ஒருவர்